அளவு எழுதப்படாத மருந்து

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து மாரடைப்போடு கொண்டுவரப்பட்டு உயிர் பிழைத்த ஒருவர் வீடு திரும்பும்போது கையில் ஒரு பை மாத்திரை இருக்கும், கிளினிக் கொப்பி இருக்கும், அடுத்த முறை வரவேண்டிய திகதி இருக்கும். ஒவ்வொரு மாத்திரையும் எத்தனை மில்லிகிராம், எந்த வேளைக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தெளிவாக எழுதியிருக்கும். ஆனால் அவர் நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் நடக்க வேண்டும், எந்த வேகத்தில், என்ன அறிகுறி கண்டால் நிறுத்த வேண்டும் என்பது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. "பாரம் தூக்காதீங்க, ஓய்வா இருங்க" என்ற வாய்ச்சொல்லோடு அந்த விடயம் முடிந்துவிடுகிறது. வீட்டார் அந்தச் சொல்லை அன்போடு இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். கிணற்றடிக்குப் போவதற்குக்கூட அவரை விடுவதில்லை. விறகடுப்புப் புகையில் நாற்பது வருடம் சமைத்து, இப்போது நாலடி நடந்தாலே முட்டு இழுக்கும் தாய்க்கும் இதே ஓய்வுதான் கிடைக்கிறது. இயன்மருத்துவர் என்றால் முறிந்த காலுக்கும் பாரிசவாதத்துக்கும் உரியவர் என்று நினைக்கிறோம். ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அவர் கொடுக்கக்கூடிய சிகிச்சை, மாத்திரைக்கு நிகராகச் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. அளந்து கொடுக்கப்படும் உடல் உழைப்பே அந்த மருந்து. அதை அளவோடு எழுதிக்கொடுக்க வேண்டும், நோயாளி வாழும் கரையிலேயே கொடுக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஓய்வே மருந்து என்ற நம்பிக்கையை வீட்டுப் பெரியவர்களின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அது மருத்துவமே கற்றுக்கொடுத்த பாடம். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மாரடைப்பு வந்தவரை நாலு முதல் ஆறு வாரம் அசையாமல் படுக்க வைப்பதுதான் உலகெங்கும் விதியாக இருந்தது. 1952இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் சாமுவேல் லெவினும் பேர்னாட் லவுணும் நோயாளிகளை முதல் நாட்களிலேயே கட்டிலிலிருந்து இறக்கிக் கதிரையில் உட்கார வைத்தார்கள். உயிருக்கு ஆபத்து என்று சக மருத்துவர்கள் எதிர்த்தார்கள், நோயாளிகளோ தேறினார்கள். படுக்கை என்ன செய்கிறது என்பதை 1966இல் டல்லஸ் நகரில் நடந்த ஒரு சோதனை அளந்து காட்டியது. இருபது வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார்கள். உடல் உச்ச உழைப்பில் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் அளவு அவர்களிடம் கால்வாசிக்கு மேல் குறைந்துபோனது. முப்பது வருடம் கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தபோது, முதுமை அவர்களிடமிருந்து எடுத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்தது அதிகம் என்று தெரிந்தது. திடகாத்திரமான இளைஞனுக்கே இப்படியென்றால், ஏற்கெனவே பாதிப்படைந்த இதயத்தோடு மாதக்கணக்கில் சாய்மனைக் கதிரையில் இருப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

உழைப்பு இதயத்துக்கு எப்படி உதவுகிறது? மாரடைப்பில் இறந்த தசை திரும்ப முளைப்பதில்லை. மாற்றம் பெரும்பாலும் இதயத்துக்கு வெளியே நடக்கிறது. பழக்கப்பட்ட கால்தசை, வந்துசேரும் இரத்தத்திலிருந்து கூடுதல் ஒட்சிசனை உறிஞ்சக் கற்றுக்கொள்கிறது. இரத்தக்குழாய்கள் தேவைக்கேற்ப விரிய மறுபடி பழகுகின்றன. அதனால் அதே சந்தைக்கு அதே தூரம் நடக்க இதயம் குறைவான தடவை துடித்தால் போதும். முன்பு நூறு மீற்றரில் வந்த நெஞ்சுநோ வரத் தாமதமாகிறது. 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 63 ஆய்வுகளையும் 14,486 நோயாளிகளையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 10.4 பேர் இதயநோயால் இறந்தார்கள். பயிற்சியும் பெற்றவர்களில் 7.6 பேர். மறுபடி வாட்டில் அனுமதிக்கப்பட்டவர்கள் 30.7 பேரிலிருந்து 26.1 பேராகக் குறைந்தார்கள். எல்லாக் காரணங்களாலும் நேரும் மொத்த மரணத்தில் மட்டும் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. மாறான சான்றும் உண்டு. பிரித்தானியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,813 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வு, பயிற்சி அடங்கிய இதய மறுவாழ்வுத் திட்டத்தால் மரணம் குறையவில்லை என்றது. ஆனால் அங்கே கொடுக்கப்பட்ட பயிற்சியின் அளவு போதவில்லை என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. பத்து மில்லிகிராம் தேவையான இடத்தில் இரண்டு மில்லிகிராம் கொடுத்துவிட்டு மருந்து பலிக்கவில்லை என்று எவரும் தீர்ப்புச் சொல்வதில்லை. இந்தியாவில் 24 வைத்தியசாலைகளில் 3,959 பேரோடு நடந்து 2020இல் வெளியான யோகா ஆய்விலும் மரணமும் மறு மாரடைப்பும் குறைந்ததாக நிறுவ முடியவில்லை. ஆனால் நோயாளிகள் தங்கள் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்குத் திரும்புவதில் முந்தினார்கள். வயலையும் வலையையும் நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது சின்ன விடயம் அல்ல.

நுரையீரல் நோயில் சான்று இன்னும் வலுவானது, கவனிப்பு இன்னும் குறைவானது. 2012 குடிசன மதிப்பீட்டின்போது இலங்கை வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகில்தான் சமைத்தன. 2022 பொருளாதார நெருக்கடியில் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்தவர்களும் விறகுக்குத் திரும்பினார்கள். அந்தப் புகையும் பீடி, சுருட்டும் பழைய காசநோயின் தழும்பும் சேர்ந்து சுருக்கிய மூச்சுக்குழாய்களை எந்தப் பயிற்சியாலும் விரிக்க முடியாது. "கெட்டுப்போன நுரையீரலுக்கு நடந்து என்ன பயன்?" என்ற கேள்வி அதனால் நியாயமானதே. பதில் கால்களில் இருக்கிறது. இப்படி மூச்சுக்குழாய் அடைப்பு நோய் உள்ளவருக்கு மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கஷ்டம். அவசரமாக மூச்சு வாங்கும்போது பழைய காற்று முழுதாக வெளியேறுமுன் புதியது வந்து சேர்கிறது; நெஞ்சு உப்பிக்கொண்டே போய், கடைசியில் இழுக்க இடமில்லாமல் திணறுகிறது. பழக்கமில்லாத கால்தசை சிறு வேலைக்கே அமிலத்தைச் சேர்த்து, கூடுதல் மூச்சைக் கேட்கிறது. பயிற்சி பெற்ற தசை அதே வேலைக்குக் குறைவாகவே கேட்கும். மூச்சு நிதானப்பட, வெளிவிட நேரம் கிடைக்கிறது. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதவும், சளியை வீணாக இருமி இருமிக் களைக்காமல் "ஹா" என்று ஓங்கி ஊதி வெளியேற்றவும் இயன்மருத்துவர் கற்றுக்கொடுப்பது இதோடு சேர்கிறது. 65 ஆய்வுகளையும் 3,822 நோயாளிகளையும் தொகுத்த 2015ஆம் ஆண்டின் கொக்ரேன் அறிக்கைக்குப் பிறகு, இந்த நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பயன் தருமா என்று ஒப்பிட்டுப் பார்க்க இனிப் புதிய ஆய்வே தேவையில்லை என்று அந்த அமைப்பின் ஆசிரியர்கள் முடிவு செய்தார்கள். மருத்துவத்தில் இத்தகைய முடிவைக் காண்பது மிக அரிது.

ஆபத்து பற்றிய பயத்துக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். நோர்வேயில் 4,846 இதய நோயாளிகளின் மறுவாழ்வுப் பயிற்சியைத் தொகுத்துப் பார்த்தபோது, மிதமான பயிற்சியில் 129,456 மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் இதயம் நின்றிருந்தது. இதயம் பலவீனப்பட்ட 2,331 பேரிடம் நடந்து 2009இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வும் பயிற்சி பாதுகாப்பானது என்றே கண்டது. அந்தப் பாதுகாப்பு வந்தது நோயாளிகளைக் கவனமாகத் தெரிவுசெய்வதிலிருந்து. சும்மா இருக்கும்போதே நெஞ்சுநோ வருபவர், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர், துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுபவர், காய்ச்சலில் இருப்பவர், கால் வீங்கி ஓரிரு நாளில் நிறை ஏறியவர் ஆகியோருக்கு முதலில் வைத்தியரின் சிகிச்சைதான், நடை பிறகு. மாரடைப்புக்குப் பின் பலர் எடுக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை நாடித்துடிப்பை அடக்கிவைப்பதால் நாடியை மட்டும் எண்ணி வேகத்தை முடிவு செய்யவும் முடியாது. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பது அதைவிட நம்பத்தக்க அளவுகோல். பேச முடிந்தும் பாட முடியாத வேகமே பெரும்பாலானோருக்குப் பொருத்தம்.

"எங்கட ஆக்கள் வயலிலயும் தோணியிலயும் மாடா உழைக்கிறாங்க, அவங்களுக்கு உடற்பயிற்சி என்னத்துக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. நோய் வருமுன் அது சரியாக இருந்திருக்கலாம். நோய் வந்த பிறகு இரண்டு வழிதான் அவர்களுக்குத் தெரிகிறது: முற்றாக விட்டுவிடுவது, அல்லது கடன் நெருக்க ஒரே நாளில் பழைய வேலைக்குத் திரும்புவது. நெல் மூட்டையை மூச்சைப் பிடித்துத் தூக்கும் கணத்தில் இரத்த அழுத்தம் சட்டென்று மேலே பாய்கிறது. வெயில் ஏறிய பிறகு வெட்டும் வரம்பு இதயத்திடம் இரட்டை வேலை கேட்கிறது. பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரா வாரம் கூட்டி, பாரம் தூக்கும்போது மூச்சை வெளியே விடப் பழக்கி, கடைசியில் மூட்டைக்கு வருவதுதான் பயிற்சி. விவசாயி தன் தொழிலுக்கு உயிரோடு திரும்பும் பாதை அது.

உண்மையான தடை தூரம். நுரையீரல் மறுவாழ்வுக்கு வாரம் இரண்டு தடவை வீதம் எட்டு வாரம், அதாவது 16 பயணம். வாவியைக் கடக்க மண்முனையில் 2014இல் பாலம் வந்தது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் வெல்லாவெளிக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால் இருப்பவருக்கு ஒவ்வொரு பயணமும் பஸ் காசு, ஒரு நாள் கூலி, கூட வருபவரின் கூலி. வாடைக் காலத்தில் தாம்போதிகளுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் அதுவும் இல்லை. வசதியுள்ள நாடுகளுமே இதில் தோற்றிருக்கின்றன. அமெரிக்காவில் மூச்சுக்குழாய் அடைப்பு நோய்க்காக அனுமதிக்கப்பட்ட 197,376 முதியவர்களில் மூன்று மாதத்துக்குள் மறுவாழ்வைத் தொடங்கியவர்கள் நூற்றுக்கு 1.5 பேர் மட்டுமே. தொடங்கியவர்களில் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 7.3 சதவீதம், மற்றவர்களில் 19.6 சதவீதம். போகக்கூடியவர்கள் இயல்பாகவே உடல்வலு உள்ளவர்களாக இருந்திருக்கலாம். அதைக் கணக்கில் எடுத்த பிறகும் பெரிய வித்தியாசம் மிஞ்சியது. ஆகவே குறை இயந்திர வசதியில் இல்லை, பயிற்சி நோயாளியைச் சென்றடையாததில்தான். வீட்டிலேயே செய்யும் இதய மறுவாழ்வை நிலையத்தில் செய்வதோடு ஒப்பிட்ட 23 ஆய்வுகளின் தொகுப்பு, பலன் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே என்கிறது.

இயன்மருத்துவர் போதாது, இருப்பவர்களுக்கே வேலை மிதமிஞ்சியிருக்கிறது என்பதும் மெய். அதனால் அவர்களிடம் 16 நாளைக் கேட்காமல் இரண்டு சந்திப்பைக் கேட்கலாம்: வாட்டிலிருந்து வெளியேறுமுன் ஒன்று, எட்டு வாரம் கழித்து ஒன்று. இடைப்பட்ட காலத்தைக் களுவாஞ்சிகுடி போன்ற ஆதார வைத்தியசாலையும் கிராமத்துக்குக் கிட்ட உள்ள பிரதேச வைத்தியசாலையும் தொலைபேசியும் சேர்ந்து தாங்கலாம். தேவையானவை 30 மீற்றர் தாழ்வாரம், ஒரு கதிரை, கொவிட் காலத்தில் எல்லோரும் கண்டு பழகிய விரல்நுனி ஒட்சிசன் மானி. ஆறு நிமிடத்தில் நோயாளி நடக்கும் தூரத்தை முதல் நாளே அளந்து கிளினிக் கொப்பியில் எழுதலாம். தாழ்வாரம் இல்லாத இடத்தில் ஒரு நிமிடத்தில் கதிரையிலிருந்து எத்தனை தடவை எழும்பி உட்காருகிறார் என்று எண்ணலாம். அதன் கீழே எத்தனை நிமிடம், வாரம் எத்தனை நாள், வெயிலுக்கு முன் காலையிலா பொழுதுபட்ட பிறகா, மழை நாளில் வீட்டுக்குள் என்ன செய்வது, நெஞ்சுநோ வந்தால் உட்கார்ந்து நாக்கின் கீழ் எந்த மாத்திரை என்று எழுதலாம். எட்டு வாரம் கழித்து மறுபடி அளக்கும்போது தூரம் ஏறத்தாழ 30 மீற்றர் கூடியிருந்தால், அந்த முன்னேற்றத்தை நோயாளியே தன் உடலில் உணர்ந்திருப்பார். கூடவில்லை என்றால் காரணத்தைத் தேட வேண்டும். மாத்திரை ஒழுங்காக எடுக்கப்படுகிறதா, மூச்சு மருந்துப் பம்பை இழுக்கும் முறை சரியா, இரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தாய் இன்னும் சன்னலில்லாத குசினியில்தான் அடுப்பு மூட்டுகிறாரா என்றும் கேட்க வேண்டும்.