நடந்து போகவும் ஒரு பைல்: ஜி.பி.எக்ஸ்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குப் பாட்டு, போட்டோ, கடிதம் ஆகியவற்றின் பைல்கள் சீக்கிரம் பழகிவிடும். நடந்து செல்லும் பாதைக்கும் ஒரு பைல் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதன் பெயர் ஜி.பி.எக்ஸ். 2002ஆம் ஆண்டு வெளியான இந்த பைல் வகையை ஜி.பி.எஸ். கருவிகளும் மொபைல் போன்களும் இன்றும் பயன்படுத்துகின்றன. இங்கிலாந்தில் நான் சென்ற ஒரு பயணத்தை உதாரணமாக வைத்து இதை விளக்குகிறேன்.

பாதையும் ஆறும்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரைப் பாதை மைன்ஹெட்டில் தொடங்கி பூல் துறைமுகத்தில் முடிகிறது. நீளம் 630 மைல். அதாவது சுமார் 1,014 கி.மீ. கடத்தல்காரர்களைப் பிடிக்கக் கடலோரக் காவலர்கள் ரோந்து சென்ற வழி இது. இதில் டெவன் பகுதியில் பிக்பரியிலிருந்து மேற்கே ஒரு நாள் நடக்கத் திட்டமிட்டேன். படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் வேனை என் மனைவி ஓட்டி வந்து, மறுகரையில் என்னை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

நடுவில் எர்ம் ஆறு குறுக்கிடுகிறது. பாதை கடக்கும் இடத்தில் பாலமும் இல்லை, படகும் இல்லை. கடல்நீர் மிகவும் இறங்கியிருக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 1 மணி நேரம்தான் இறங்கி நடந்து கடக்கலாம். பெருமழைக்குப் பின் அப்போதும் கூடாது. நேரம் தவறினால் சாலை வழியாகப் பல மைல் சுற்ற வேண்டும். எனவே வீட்டிலேயே கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சரிபார்த்தேன்.

பைலைத் திறப்பது எப்படி?

ஜி.பி.எக்ஸ். ஸ்டூடியோ என்ற இணையதளத்தில் மேப்பின் மீது கிளிக் செய்துகொண்டே போனால் பாதை உருவாகும். மேடு பள்ளங்களையும் அது படமாகக் காட்டும். முடித்ததும் பைலை உங்கள் போல்டரில் சேமியுங்கள். அதை டபுள் கிளிக் செய்தால் எந்த புரோகிராமில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கலாம். பைல் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ரைட் கிளிக் செய்து, ஓபன் வித் சென்று, நோட்பேடைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே வெறும் எழுத்துகளும் எண்களும்தான் இருக்கும்.

பிக்பரிக்கு அட்சரேகை 50.28, தீர்க்கரேகை -3.89 என்ற அளவில் இருக்கும். அந்தக் கழித்தல் குறி கிரீன்விச்சுக்கு மேற்கே என்று பொருள். கையால் டைப் செய்யும்போது அதை விட்டுவிட்டால், உங்கள் புள்ளி பெல்ஜியம் எல்லையை ஒட்டிய பிரான்சில் போய் விழும்!

நேரத்தில் கவனம்

கடல் ஏற்ற இறக்க அட்டவணையில் அடுத்தடுத்த நாட்களின் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே தேதியை முதலில் பாருங்கள். அடுத்து, நேரம் ஜி.எம்.டி.யா, கோடை நேரமா என்று பாருங்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரம் 1 மணி நேரம் முன்னே ஓடும். அட்டவணையில் ஜி.எம்.டி. 11.00 என்றிருந்தால் கோடையில் அது பகல் 12.00. கூட்ட மறந்து 10.00 மணிக்கே ஆற்றில் இறங்குபவருக்கு ஆழம் காத்திருக்கும். சில தளங்கள் உங்கள் கம்ப்யூட்டரின் இந்திய நேரத்திலேயே காட்டலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

போனுக்கு மாற்றுதல்

கடலோரப் பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஆனால் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலிருந்து வருவதால் இன்டர்நெட் தேவையில்லை. மேப் மட்டும் போனில் இருக்க வேண்டும். ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற புரோகிராமில் அந்தப் பகுதியின் மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் செய்து, ஜி.பி.எக்ஸ். பைலையும் அதில் சேருங்கள். பேட்டரி தீர்ந்தால்? அட்டவணையை பிரின்ட் எடுத்து, 1:25,000 அளவுள்ள காகித மேப்பையும் பையில் வைத்திருந்தேன். மனைவியிடமும் ஒரு பிரதி. நான் எத்தனை மணிக்குள் மறுகரையில் இருக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரிய வேண்டுமே!

வேன் செல்லும் வழியை மேப்பின் சாட்டிலைட் காட்சியில் பார்த்துக்கொள்ளுங்கள். டெவன் கிராமச் சாலைகளில் பல, இருபுறமும் உயர்ந்த வேலியோடு ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலம் கொண்டவை.

நீங்கள் இங்கிலாந்து போக வேண்டியதில்லை. இன்றே உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை ஒரு பாதை வரைந்து, சேமித்து, நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒரு முறை செய்துவிட்டால் எந்த ஊர்ப் பாதையும் கைக்கு வந்துவிடும்.