ஒரே சரக்கு, மூன்று பெயர்

மளிகை வியாபாரிக்கு மருத்துவ நூலகத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை என் மருமகளுக்கு. நான் துணைக்குப் போனவன்தான். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குத் துத்தநாகம் கொடுப்பது பற்றி அவள் ஒரு ‘சிஸ்டமேடிக் ரிவ்யூ’ எழுதிக்கொண்டிருந்தாள். ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு, அதைப் பற்றி உலகில் நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டி, தரம் பார்த்து, முடிவு சொல்லும் வேலை அது.

மூன்று வாரம் தானே தேடிவிட்டு, “முடிஞ்சிடுச்சு மாமா” என்றாள். நூலகர் அம்மா அவளுடைய தேடல் வரியைப் பார்த்தார். டயரியா என்ற சொல்லை ஆங்கிலத்தில் அமெரிக்கர் ஓர் எழுத்துக் குறைத்து எழுதுவர், பிரிட்டிஷார் கூட்டி எழுதுவர். இவள் போட்டிருந்தது ஒன்றை மட்டும்!

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஒரே சரக்கு நம்ம ஊரில் மல்லி, இன்னோர் ஊரில் கொத்தமல்லி விதை, இங்கே தனியா. ஒரு பெயரை மட்டும் பார்த்து இருப்பு எடுத்தால் கணக்கு எப்படி நேராகும்?

இதற்காகவே அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் ‘மெஷ்’ என்ற பொருட்தலைப்புப் பட்டியலை வைத்திருக்கிறது. எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டாலும் கட்டுரை ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும். ஆனால் பப்மெடில் உள்ள எல்லாக் கட்டுரைக்கும் அந்தத் தலைப்பு ஏறியிருக்காது. ஆகவே தலைப்பும் வேண்டும், வழக்குச் சொற்களும் வேண்டும். ஒரு பொருளின் பல பெயர்களை ‘ஆர்’ போட்டுச் சேர்த்தால் வலை விரியும். நோயையும் மருந்தையும் ‘அண்ட்’ போட்டு இணைத்தால் சுருங்கும். எம்பேஸ், காக்ரேன் என்று ஒவ்வோர் இடத்துக்கும் வரியை மாற்றி எழுதணும். ஒரே கட்டுரை பல இடத்தில் அகப்படும். ஒரே பில் இரண்டு பேரேட்டில் ஏறின மாதிரி. அதைக் கழிக்கணும். எந்தத் தேதியில் எந்த வரியைப் போட்டோம் என்று எழுதி வைக்கணும், பின்னால் ஒருவர் சரிபார்க்க.

அச்சேறாத சோதனைகளும் உண்டு. பலன் கிடைத்தால்தான் பலர் வெளியிடுகிறார்கள். நஷ்டக் கணக்கை எந்த வியாபாரி வெளியே காட்டுகிறான்? அதனால் 2007-இல் தொடங்கிய நம் நாட்டு மருத்துவச் சோதனைப் பதிவேட்டையும் நூலகர் பார்க்கச் சொன்னார்.

இத்தனை கெடுபிடி எதற்கு? 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா ஆய்வு ஒன்றுக்காக, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 24 வயதுப் பெண்ணுக்கு ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை நுகரக் கொடுத்தார்கள். நுரையீரல் கெட்டு, ஒரு மாதத்துக்குள் இறந்துபோனாள். அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கும் என்பது 1950-களின் கட்டுரைகளிலேயே இருந்தது. ஆய்வாளர் தேடிய பப்மெட் அப்போது 1966 வரைதான் பின்னோக்கிப் போகும். பழைய அச்சுப் பட்டியல்களைப் புரட்டத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்திருக்கலாம். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கு முன் ஏடுகளை ஊர் ஊராகத் தேடித் தருவித்து ஒப்பிட்டார். விளங்காத இடங்களைக் கும்பகோணத்தில் எங்கள் சமணர்களிடம் கேட்டார். கேட்பதில் அவருக்குக் கௌரவக் குறைச்சல் தோன்றவில்லை.

மறுபடி தேடியதில் விட்டுப்போனவை வந்தன. பலன் இல்லை என்று சொன்ன ஒன்றும் அதில் இருந்தது. கட்டுரை முடிந்ததும், நூலகர் பெயரையும் ஆசிரியர் வரிசையில் போடவேண்டும் என்றாள் மருமகள். “புத்தகம் எடுத்துக் கொடுத்தவருக்கெல்லாம் பெயரா?” என்றார் மேலே இருந்த ஒருவர். தேடல் பகுதி முழுவதையும் எழுதியதே அந்த அம்மாதான்! இவள் விடவில்லை. மூன்றாவது பெயராக வந்தது.

உங்கள் வீட்டில் மருத்துவமோ நர்ஸிங்கோ மேல்படிப்புப் படிக்கிற பிள்ளை இருந்தால், தேடி முடித்த பிறகல்ல, தொடங்கும்போதே நூலகரிடம் போகச் சொல்லுங்கள். யாருக்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன பலன் என்ற நாலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். ஏற்கெனவே தெரிந்த நல்ல கட்டுரைகள் இரண்டு மூன்றும் கையில் இருக்கட்டும். தான் எழுதும் வரியில் அவை அகப்படுகின்றனவா என்றுதான் நூலகர் முதலில் பார்ப்பார்.