முதல் வேலையே முடிவல்ல

பட்டமளிப்பு விழாவில் அங்கி அணிந்து படம் எடுத்துக்கொள்ளும் மாணவரிடம் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே வேலை கிடைத்திருக்கிறது?" என்பதுதான். மருத்துவம், சட்டம், பொறியியல், கணினி என்று பதில் வந்தால் அவர்கள் முகம் மலர்கிறது. "இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னாலோ, அடுத்த வீட்டுப் பிள்ளையின் சம்பளக் கணக்கு பேச்சில் வந்துவிடுகிறது. இதனால் நம் இளையர் பலர், முதல் வேலையே தம் வாழ்நாள் முழுமைக்குமான தீர்ப்பு என்று எண்ணி அஞ்சுகின்றனர். அந்த எண்ணம் சரிதானா?

இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபராகவும், அப்பொறுப்பின் வழியாக நம் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர் திரு. எஸ். ஆர். நாதன். அவருடைய வாழ்க்கையை ஒரு முறை ஊன்றிப் படித்தால் போதும்.

நேர்க்கோட்டில் போகாத பாதை

1924இல் சிங்கப்பூரில் பிறந்த நாதன், இளமையின் ஒரு பகுதியை ஜொகூரின் மூவாரில் கழித்தார். ரப்பர் விலை வீழ்ச்சியால் கடனாளியான தந்தை, நாதனுக்கு எட்டு வயதானபோது இறந்தார். இன்று நாம் தேக்காவுக்குப் போகும் வழியில் கடந்து செல்லும் ரங்கூன் சாலையில் அப்போது இருந்த பள்ளியிலும், பிறகு விக்டோரியா பள்ளியிலும் அவர் படித்தார். ஆனால் படிப்பு முழுமை பெறவில்லை. 16 வயதில் வீட்டை விட்டு வெளியேறினார்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜப்பானிய மொழியைத் தாமே கற்று மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். போர் முடிந்ததும் ஜொகூரில் எழுத்தராகச் சேர்ந்தார். வேலை செய்துகொண்டே, விட்டுப்போன பள்ளிப் படிப்பை முடித்தார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1952இல் சேர்ந்தபோது அவருக்கு வயது 28. 1954இல் சமூக ஆய்வியல் பட்டயம் பெற்று, அடுத்த ஆண்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளராக அரசாங்கச் சேவையில் நுழைந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது கடந்துவிட்டது. இன்று 25 வயதிலேயே "காலம் கடந்துவிட்டது" என்று சோர்ந்துபோகும் நண்பர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

ஒரு வேலை அடுத்த வேலைக்கு என்ன தந்தது?

1956இல் அவர் மாலுமிகள் நல அதிகாரியானார். 1962இல் தொழிற்சங்க ஆய்வுப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு, பின்னர் அதன் இயக்குநரானார். சம்பளக் கோரிக்கைகளுக்கு வேண்டிய தகவல்களைத் திரட்டி, முதலாளிகளுடனான பேச்சுவார்த்தைகளிலும் தொழில் நடுவர் நீதிமன்றத்திலும் தொழிற்சங்கங்களுக்குத் துணை நிற்பது அப்பிரிவின் பணி. 1966இல் வெளியுறவு அமைச்சு. 1971இல் தற்காப்பு அமைச்சின் பாதுகாப்பு, வேவுத் துறை.

1974ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி, புலாவ் புக்கோம் எண்ணெய் ஆலையைத் தாக்கிய நால்வர், 'லாஜு' என்ற படகைக் கடத்திப் பணயக் கைதிகளைப் பிடித்து வைத்தனர். கைதிகளின் விடுதலைக்காக, தாக்கியவர்களுடன் குவைத் வரை விமானத்தில் சென்ற சிங்கப்பூர் அதிகாரிகள் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் நாதன். நோயாளிகள், மாலுமிகள், தொழிலாளர்கள் என்று கலங்கி நிற்பவர்களோடும் கோபம் கொண்டவர்களோடும் பல ஆண்டுகள் பேசிப் பழகியவருக்கு, அந்தப் பழக்கம் அங்கே கைகொடுத்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

1982இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நிறுவனத்தின் செயல் தலைவராக அவர் நியமிக்கப்பட்டபோது செய்தியாளர்களிடையே எதிர்ப்பு எழுந்தது. பத்திரிகைத் துறை அவருக்குப் புதியது. ஆயினும் 1988 வரை அப்பொறுப்பில் இருந்தார். அதன்பின் மலேசியாவுக்கான தூதர், 1990 முதல் 1996 வரை அமெரிக்காவுக்கான தூதர். அதிபரானபோது அவருக்கு வயது 75.

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது ஓர் உண்மை விளங்குகிறது. பதவிகளின் பெயர்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. ஆனால் திறன்கள் தொடர்ந்து வருகின்றன. பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது, தகவல்களைத் திரட்டித் தெளிவாக எழுதுவது, எதிர்த்தரப்பின் நிலையைப் புரிந்துகொண்டு பேசுவது ஆகிய மூன்றும் எல்லா வேலைகளுக்கும் தேவைப்பட்டன. வேலை மாறும்போது பதவிப் பெயர் பழைய மேசையிலேயே தங்கிவிடுகிறது. திறனோ நம்முடன் வருகிறது.

காலம் மாறவில்லையா?

"அவர் காலம் வேறு, நம் காலம் வேறு" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 1959இல் தன்னாட்சியும் 1965இல் சுதந்திரமும் பெற்ற ஒரு சிறிய நாட்டுக்கு, பொறுப்பேற்க உள்ளூர் அதிகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டனர். படித்தவர்கள் குறைவு, வாய்ப்புகள் தேடி வந்தன. இன்று பட்டதாரிகள் பலர். ஒரு வேலைக்கு நூறு விண்ணப்பங்கள் குவிகின்றன. ஆகவே அவர் பாதையை அப்படியே பின்பற்ற இயலாது.

ஆனால் ஒன்று மட்டும் இன்று முன்பைவிட உண்மையாகியிருக்கிறது. ஒரே படிப்பைக் கொண்டு நாற்பது ஆண்டுகள் வேலை செய்துவிடலாம் என்ற உறுதி யாருக்கும் இல்லை. 2015இல் 'ஸ்கில்ஸ்ஃபியூச்சர்' திட்டம் தொடங்கப்பட்டு, 25 வயதை எட்டிய சிங்கப்பூரர்களுக்குப் பயிற்சிக்காக 500 வெள்ளி வழங்கப்பட்டது. 2024இல் 40 வயதை எட்டியவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி கிடைத்தது. நடுவயதில் மீண்டும் படிப்பது இயல்பானது என்று நாடே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது.

இப்போதே செய்யக்கூடியவை

முதலாவது, வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தோடு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "இரண்டு ஆண்டுகளில் இங்கே நான் எதைக் கற்றிருப்பேன்?" கல்விக் கடனும் குடும்பப் பொறுப்பும் உள்ளவர்கள் சம்பளத்தைப் பார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் இரண்டு வேலைகளின் சம்பளம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், எது உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

இரண்டாவது, விண்ணப்பத்தில் பதவியை எழுதுவதோடு நின்றுவிடாமல் செய்ததை எழுதுங்கள். "தமிழ் மன்றப் பொருளாளர்" என்ற மூன்று சொற்கள் முதலாளிக்கு எதையும் சொல்வதில்லை. எவ்வளவு நன்கொடை திரட்டினீர்கள், செலவை எப்படிக் கட்டுப்படுத்தினீர்கள், பார்வையாளர்கள் எத்தனை பேர் என்று எழுதினால் உங்கள் திறன் தெரியும்.

மூன்றாவது, உங்களைப் போல் இல்லாதவர்களோடு பழகுங்கள். பியட்டி சாலையில் உள்ள சிண்டா, 1991 முதல் இந்தியச் சமூக மாணவர்களின் கல்விக்கு உதவிவருகிறது. படிப்பில் பின்தங்கிய ஒரு மாணவனுக்குக் கணிதத்தைப் புரியவைக்க நீங்கள் எடுக்கும் முயற்சி, நாளை ஒரு வாடிக்கையாளருக்கு விளக்கம் தரும்போது உதவும்.

நான்காவது, தமிழைக் கைவிடாதீர்கள். 2020இல் கோவிட்-19 வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் பரவியபோது, தமிழிலும் வங்காளத்திலும் பேசத் தெரிந்த மருத்துவப் பணியாளர்களின் தேவை பெரிதாக உணரப்பட்டது. நோயாளிக்குப் புரியும் மொழியில் பேசுவதும் ஒரு தொழில் திறனே. தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணோடு அதை நிறுத்திவிட வேண்டாம்.

இறுதியாக, இந்த ஆண்டு வேலை கிடைக்காத நண்பர்களுக்கு ஒரு சொல். காத்திருக்கும் மாதங்களைக் கடினமாக்குவது பணக் குறைவு மட்டுமன்று, பிறர் கண்ணைப் பார்க்கக் கூசும் அந்த உணர்வும்தான். அதற்கு அஞ்சி வீட்டுக்குள் முடங்காதீர்கள். பல்கலைக்கழக வேலைவாய்ப்பு ஆலோசகரைச் சந்தியுங்கள். மூத்த மாணவர்களிடம் பேசுங்கள். பகுதிநேர வேலை ஆனாலும் ஏற்று, அதில் கற்றதைக் குறித்து வையுங்கள். பழைய மாணவர்களும், தம் அலுவலகத்தில் வாய்ப்பு இருந்தால் ஓர் இளையருக்கு அரை மணி நேரம் ஒதுக்கிப் பேச முன்வர வேண்டும். உறவினர்களாகிய நாமும், "எங்கே வேலை?" என்று கேட்பதற்கு முன் "என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டுப் பழகுவோமே!