ஊர் மாறும் பிள்ளைக்கு ஒரு பள்ளி

சர்வதேசப் பள்ளி என்றதும் நமக்கு நீச்சல் குளமும் லட்சக்கணக்கில் கட்டணமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1924-ல் ஜெனிவாவில் அப்படியொரு பள்ளி பிறந்ததே, சர்வதேச சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்காகத்தான். 1995-ல் தொடங்கிய சென்னை அமெரிக்கன் இன்டர்நேஷனல் பள்ளியும் வெளிநாட்டுக் குடும்பங்களை எண்ணியே வந்தது. இத்தகைய பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில், பயிற்றுமொழி புரியாத குழந்தைக்குத் தனியாகச் சொல்லித்தர ஆசிரியர் இருப்பார். ஆண்டின் நடுவில் வந்து சேர்வதும் அங்கே சகஜம்.

சென்னையின் யானைக்கவுனிக் கிடங்குகளுக்கும் சௌகார்பேட்டைக் கடைகளுக்கும் வடமாநிலங்களிலிருந்து வேலை தேடி வருகிறவர்களும் ஊர் மாறியவர்களே, சம்பளம்தான் வேறு. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அவர்களின் பிள்ளைகளை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சியும் தரச் சொல்கிறது. அந்தப் பயிற்சியில், சர்வதேசப் பள்ளியைப் போலவே, பயிற்றுமொழியைச் சொல்லித்தரவும் ஓர் ஆசிரியர் வேண்டும். “விளையாட்டிலேயே தமிழ் வந்துவிடுமே” என்பார்கள். தெருத் தமிழ் சில மாதங்களில் வந்துவிடும். பாடப்புத்தகத் தமிழுக்கு ஆண்டுகள் ஆகும். செலவைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. தேவைப்படுவதோ, இந்தி தெரிந்த ஒரு துணை ஆசிரியர். இதனால் தமிழுக்கு என்ன நஷ்டம்? தமிழ்நாட்டின் 2006-ம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி அந்தப் பிள்ளையும் தமிழ் படித்தாக வேண்டும். படிக்க ஓர் ஏணி வேண்டாமா? இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு மாநகராட்சிப் பள்ளியிலாவது, வரும் ஜூனில் இந்த ஏற்பாட்டைத் தொடங்கிப் பார்க்கட்டும்.