டிக் டிக் சத்தம் எங்கிருந்து? காருக்குக் காது கொடுத்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் எல்லோரும் ஒரே மாதிரிதான். பாட்டு கேட்போம், படம் பார்ப்போம், போட்டோக்களைக் காப்பி செய்வோம். இரண்டாவது மாதம் வீட்டில் ஒரு கேள்வி வரும். "இவ்வளவு பணம் போட்டு வாங்கினியே, இதுல வேற என்னதான் பண்ண முடியும்?"

என் வீட்டில் அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல வைத்தது என் கார். காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். தேவையானவை மூன்றுதான்: மைக் உள்ள ஒரு லேப்டாப், ஒரு இலவச சாஃப்ட்வேர், கொஞ்சம் பெருக்கல் வகுத்தல்.

பிரச்சினை என்ன?

நான் இருப்பது திருவொற்றியூரில். என்னுடையது 3 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் உள்ள பழைய சின்ன கார். நண்பன் ஒருவன் தன் காருக்குப் புது சைலன்சர் போட்டு "கும்" என்று ஓட்டி வந்ததைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. ஒரு கடையில் கொடுத்து, பெரிய பைப்பும் புது சைலன்சரும் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் "கும்" வந்தது. அதன் கூடவே "டிக் டிக் டிக்" என்று இன்னொரு சத்தமும் வந்தது. வண்டி சூடானதும் அது குறைந்துவிட்டது. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் அம்மாவை ராயபுரத்தில் உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்ற நாள் அது. ஏசியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்ற இடத்திலேயே நின்றோம். "தலை வலிக்குதுப்பா. வண்டிக்குள்ள புகை வாடை அடிக்குது" என்றார் அம்மா. "லாரிப் புகைம்மா" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்று பிறகுதான் புரிந்தது.

மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில் கிடைத்தது. "புது பைப்பு சார், செட் ஆக நாள் ஆகும்" என்றார் கடைக்காரர். "டேப்பட் லூசு, இன்ஜின் மேல் மூடியைக் கழற்றணும்" என்றார் ஒரு மெக்கானிக். "வெப்பத் தடுப்புத் தகடு ஆடுது" என்றான் நண்பன். யார் சொல்வதை நம்புவது? ஒவ்வொரு யூகத்துக்கும் ஒரு பில் வரும். நான் பி.இ. முடித்து சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். புரோகிராமில் தவறு வந்தால் யூகிக்காமல் அளந்து பார்ப்போம். இதையும் அளந்து பார்த்தால் என்ன?

முதலில் ஒரு சின்ன கணக்கு

இன்று ஓடும் பெட்ரோல் கார்களில் இருப்பது ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். அதில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். வெடிப்பு முடிந்து புகை வெளியேறும்போது ஏற்படும் துடிப்புதான் சைலன்சர் வழியாக நாம் கேட்பது.

புல்லட் மோட்டார் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊருக்கு அது சொந்தக்கார வண்டி. 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் அதைத் தயாரித்தது திருவொற்றியூரில்தான். அதில் இருப்பது ஒரே சிலிண்டர். நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால் 500 வெடிப்பு. அதாவது வினாடிக்கு 8 சொச்சம். அதனால்தான் "டுக் டுக்" என்று தனித்தனியாகக் காதில் விழுகிறது.

என் கார் சும்மா நிற்கும்போது ஆர்.பி.எம். மீட்டர் 900 காட்டும். வினாடிக்கு 15 சுற்று. இதிலிருந்து மூன்று எண்கள் கிடைக்கின்றன.

வினாடிக்கு 7.5: ஒரே ஒரு சிலிண்டர் சம்பந்தப்பட்ட சத்தம். ஒரு டேப்பட் தளர்ந்திருந்தாலும், ஒரு சிலிண்டரின் வாயில் கேஸ்கட் போயிருந்தாலும் இந்த எண்தான் வரும்.

வினாடிக்கு 15: இன்ஜின் சுற்றோடு சேர்ந்து சுற்றும் பாகத்தின் சத்தம்.

வினாடிக்கு 22.5: மூன்று சிலிண்டரின் புகையும் ஒன்று சேர்ந்த பிறகு, அந்தப் பைப்பில் எங்கோ வரும் சத்தம்.

உங்கள் கார் 4 சிலிண்டர் என்றால் கடைசி எண் 30 ஆகும். தகடு ஆடினால் இந்த எண்களில் எதிலும் ஒழுங்காக நிற்காது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கடகடவென்று கேட்டு, அதைத் தாண்டியதும் நின்றுவிடும்.

ஆக, கேள்வி சுலபமாகிவிட்டது. ஒரு வினாடிக்கு எத்தனை டிக்? காதால் எண்ண முடியாது. கம்ப்யூட்டரால் முடியும்.

சத்தத்தைப் பதிவு செய்வது

இதற்கு நான் பயன்படுத்தியது ஆடாசிட்டி என்ற சாஃப்ட்வேர். அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000-ல் வெளிவந்தது. இலவசம். அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். அதே பெயரைக் காட்டி வேறு எதையாவது இன்ஸ்டால் செய்ய வைக்கும் தளங்கள் உண்டு.

முதலில் செல்போனில் பதிவு செய்தேன். வீண். பேச்சு தெளிவாகக் கேட்பதற்காக, பின்னணி இரைச்சலைத் தானாகவே அடக்கிவிடும் வசதி பல போன்களில் இருக்கிறது. எனக்கு வேண்டியதே அந்த இரைச்சல்தான்! போன் கொடுத்த எம்4ஏ ஃபைலை ஆடாசிட்டியில் திறக்கத் தனியாக இன்னொரு சாஃப்ட்வேரும் தேவைப்பட்டது. எனவே நேராக லேப்டாப்பிலேயே பதிவு செய்துவிடுங்கள்.

1. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று இருந்தால் அதை ஆஃப் செய்யுங்கள். இதுவும் போன் செய்த அதே வேலையைத்தான் செய்யும்.

2. காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடவே கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஓட்டத் தெரிந்த ஒருவரை டிரைவர் சீட்டில் உட்கார வையுங்கள்.

3. இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் ஸ்டார்ட் செய்து, சுற்று 900-க்கு வந்து நிலைத்த உடனே பதிவு செய்யுங்கள். சிவப்பு வட்டம் உள்ள பட்டனை அழுத்தினால் பதிவு தொடங்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நிற்கும். 20 வினாடி போதும்.

4. லேப்டாப்பை இன்ஜின் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, சார்ஜர் ஒயர் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

டிக்கை எண்ணுவது

திரையில் நீல நிறத்தில் ஒரு அலை தெரியும். முதல் பார்வைக்கு அது வெறும் தடித்த பட்டை போலத்தான் இருக்கும். காரணம், "கும்" என்ற தாழ்ந்த சத்தம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருக்கிறது. அதை வடிகட்ட வேண்டும்.

கண்ட்ரோல் கீயோடு ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். எஃபெக்ட் மெனுவில் ஹை பாஸ் ஃபில்டர் இருக்கும். ஃப்ரீக்வென்சி 1000 என்று கொடுத்து அப்ளை செய்யுங்கள். 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும். ரவையைச் சல்லடையில் சலிப்பது போலத்தான்.

என் திரையில் பட்டை காணாமல் போய், ஊசி ஊசியாகக் கோடுகள் நின்றன. ஒவ்வொரு ஊசியும் ஒரு டிக். 2 வினாடி அளவுக்குத் தேர்ந்தெடுத்து, பெரிதாக்கிப் பார்த்து எண்ணினேன். 45. அதாவது வினாடிக்கு 22.5!

தற்செயலாக இருக்குமோ என்று இன்னொரு சோதனையும் செய்தேன். ஆக்சிலேட்டரை மிதித்து 1,800 சுற்றில் நிறுத்தச் சொல்லிப் பதிவு செய்தேன். இப்போது 2 வினாடிக்கு 90 ஊசிகள். சுற்று இரட்டிப்பானதும் டிக்கும் சரியாக இரட்டிப்பாகிவிட்டது. தகடு ஆடினால் இப்படிக் கணக்குப் பிசகாமல் நடந்துகொள்ளாது. ஒரு டேப்பட் தளர்ந்திருந்தால் முதல் சோதனையில் 15 ஊசிதான் வந்திருக்கும். மூன்று சிலிண்டரிலும் ஒரே நாளில், அதுவும் சைலன்சர் மாற்றிய நாளில், டேப்பட் தளர்வது நடக்கிற காரியமா?

சூடானதும் சத்தம் குறைவதும் இதோடு ஒத்துப்போனது. உலோகம் சூட்டில் விரியும். அப்போது சின்ன இடைவெளி தானாக அடைபடும். ஆக, மூன்று பைப்பும் ஒன்று சேர்ந்த பிறகு உள்ள ஒரு இணைப்பில் புகை கசிகிறது. கம்ப்யூட்டர் சொன்னது அவ்வளவுதான். எந்த இணைப்பு என்று அதற்குத் தெரியாது.

சோப்பு நுரை சாட்சி

எங்கள் பக்கத்துத் தெருவில் பல வருடம் புல்லட் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. நீளமான ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை அங்கங்கே தொட்டுப் பார்த்தார். "தம்பி, டேப்பட் நல்லாதான் இருக்கு. கீழே காத்து லீக்கு" என்றார். என் 45 ஊசியும் அவர் காதும் ஒரே பதிலைச் சொன்னதில் எனக்கு எவ்வளவு நிம்மதி!

இன்ஜினை நிறுத்தி, முழுக்க ஆறவிட்டார். சைலன்சரின் வால் பக்கம் துணி சுற்றி, கம்ப்ரஸரிலிருந்து மெதுவாகக் காற்று விட்டார். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தார். இன்ஜினிலிருந்து கீழே இறங்கும் பைப் புது பைப்போடு சேரும் இடத்தில் நுரை கொப்பளித்தது. கழற்றிப் பார்த்தால் பழைய கேஸ்கட்டையே மறுபடி போட்டிருந்தார்கள். ஒரு ஓரம் நசுங்கிப் போயிருந்தது. புது கேஸ்கட் போட்டு, போல்ட்டுகளைச் சமமாக முறுக்கியதும் டிக் நின்றது. மறுபடி பதிவு செய்து பார்த்தேன், ஊசிகள் இல்லை. இன்ஜின் மூடியைக் கழற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

ஏன் அலட்சியம் கூடாது?

பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமோ மணமோ கிடையாது. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். முதல் அறிகுறி தலைவலி. இந்த வாயுவை மாற்றத்தான் காட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. சென்னை உட்பட 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது 1995-ல் கட்டாயமானது. என் காரில் கசிந்த இடம் கன்வெர்ட்டருக்கு முன்னால். சுத்தமாகாத புகை இன்ஜின் பக்கமே வெளியேறி, கார் நின்ற இடத்தில் நிற்கும்போது ஏசி காற்று உள்ளே போகும் வழியைத் தேடிக்கொள்ளும்.

அம்மாவின் தலைவலிக்கு இதுதான் காரணம் என்று நான் நிரூபிக்கவில்லை. லாரிப் புகையாகவும் இருக்கலாம். ஆனால் டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டே அவரைப் பின் சீட்டில் உட்கார வைத்திருந்தேன் என்பது உண்மை. சைலன்சர் வேலை பார்த்த பிறகு புது சத்தமோ, உள்ளே புகை வாடையோ வந்தால் கண்ணாடியை இறக்குங்கள், இன்ஜினை நிறுத்துங்கள், அன்றே காட்டுங்கள்.

அந்த "கும்" என்ன ஆனது?

இன்னொரு விஷயமும் கம்ப்யூட்டர் காட்டியது. நெடுஞ்சாலையில் 2,800 சுற்று வந்ததும் கார் உள்ளே காதை அடைக்கும். நண்பனை ஓட்டச் சொல்லி, நான் பின் சீட்டில் உட்கார்ந்து பதிவு செய்தேன். 3 வினாடி அளவைத் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் கொடுத்து, சைஸ் 65536 என்று வைத்தேன். சைஸ் குறைவாக இருந்தால் தாழ்ந்த சத்தங்கள் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். 70 ஹெர்ட்ஸில் ஒரு மேடு நின்றது. கணக்கும் அதேதான். 2,800 சுற்றில் 3 சிலிண்டர் வினாடிக்கு 70 முறை வெடிக்கும். சுமார் 2.5 மீட்டர் நீளக் கார் அறையும் இதே அளவில்தான் அதிரும். காலிக் குடத்தின் வாயில் ஊதினால் குடம் முழங்குவது போல. இது பழுது அல்ல, அந்த சைலன்சரின் குணம்.

சத்தத்தைப் பிரித்துப் பார்க்கும் இந்தக் கணிதம் ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரர் 1822-ல் எழுதியது. அதைக் கம்ப்யூட்டர் வேகமாகச் செய்யும் வழியை 1965-ல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்டார்கள். காலேஜில் பரீட்சைக்குப் படித்து மறந்த பாடம், வண்டி பைப்பைப் பார்க்க உதவும் என்று யார் நினைத்தார்கள்?

கடைசியில் பழைய சைலன்சரையே மாட்டிவிட்டேன். இரைச்சல் விதியை மீறும் வண்டிக்கு, 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க முடியும். அதைவிட, அம்மா இப்போது பின் சீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

உங்கள் வீட்டிலும் மிக்சியோ, மோட்டாரோ, மின்விசிறியோ புதிதாகச் சத்தம் போடலாம். பதிவு செய்யுங்கள், வடிகட்டுங்கள், எண்ணுங்கள். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, வேலை தெரிந்தவரிடம் போங்கள்.