சங்க வண்டியில் புளோயர் பழுதுபட்டால்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால் காஞ்சிபுரத்து நெசவாளருக்குப் பாவைப் பற்றிய கவலை பிறக்கும். தெருவில் பாவு விரிக்க இயலாது. குழித்தறியில் ஈரம் ஏறும். அதே ஈரம் நமது சங்கங்களின் பிக்கப் வண்டிகளிலும் ஒரு தொல்லையை உண்டாக்குகிறது. கர்நாடகத்திலிருந்து கச்சாப் பட்டு ஏற்றி, ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக விடியற்காலையில் திரும்பும் வண்டியின் முன்கண்ணாடி உட்புறத்தில் பனி படிந்து, சாலை மறைந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் எளிது. வண்டியினுள் இருப்போரின் மூச்சிலும் நனைந்த உடையிலும் உள்ள நீராவி, குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் துளியாகிறது. ஹீட்டரின் வெப்பக் காற்றையோ ஏ.சி.யின் உலர்ந்த காற்றையோ கண்ணாடியின்மீது செலுத்தினால் பனி அகலும். அக்காற்றைத் தள்ளும் மின்விசிறியே புளோயர் ஆகும். எனவே அது வெறும் சொகுசுக் கருவி அன்று. ஓட்டுநரின் கண்ணுக்குத் துணை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு சங்கத்தின் ஏடுகளை ஆய்வு செய்தபோது, புளோயர் மோட்டார் புதிதாக வாங்கிய ரசீது ஒன்றைக் கண்டேன். சில வாரங்களுக்குள் அதே வண்டிக்கு அதே பழுதின் பெயரால் இரண்டாவது ரசீதும் இருந்தது. விசாரித்ததில், மோட்டாரில் குற்றமே இல்லை, கெட்டது ரெசிஸ்டர் என்னும் சிறு உறுப்பு என்று தெரிந்தது. அதனினும் கவலை தந்தது, எரிந்த ஃபியூசுக்குப் பதிலாக ஒரு கம்பித் துண்டு செருகப்பட்டிருந்ததுதான். அருகிலிருந்த பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருந்தது. அவ்வண்டி ஏற்றி வருவது அங்கத்தினரின் பட்டு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இழை அறுந்தால் நாம் தறியையே மாற்றுவதில்லை. பாவு, விழுது, அச்சு என ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். இங்கும் முறை அதுவே.

முதலாவது, புளோயர் அதிவேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் நின்றுவிட்டால், பெரும்பாலும் ரெசிஸ்டரே காரணம். குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் அதன் வழியே செல்கிறது. அதிவேகத்திற்கு அதைத் தாண்டி நேரே செல்கிறது. (சில புதிய வண்டிகளில் ரெசிஸ்டருக்குப் பதில் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு.)

இரண்டாவது, எந்த வேகத்திலும் ஓடாவிட்டால், முதலில் ஃபியூசையும் பின்னர் ரிலேயையும் பார்க்க வேண்டும். அவை சரியாயிருப்பின், மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, சுவிட்சை அதிவேகத்தில் வைத்து, இணைப்பின் இரு முனைகளுக்குமிடையே 12 வோல்ட் சோதனை விளக்கை வைக்கவும். விளக்கு நன்றாக எரிந்தால் பழுது மோட்டாரில் உள்ளது. எரியாவிட்டால் சுவிட்சு, கம்பி, எர்த் ஆகியவற்றில் உள்ளது; மோட்டார் வாங்க வேண்டியதில்லை. மோட்டாரை மெல்லத் தட்டியதும் சுழன்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

மூன்றாவது, விசிறி சுழன்றும் காற்று குறைவாக வந்தால், காற்று வடிகட்டியில் தூசும் சருகும் அடைத்திருக்கும். ரெசிஸ்டர் அந்தக் காற்றோட்டத்தினாலேயே குளிர்வதால், அடைப்பை நீக்காமல் புதிய ரெசிஸ்டர் பொருத்தினால் அதுவும் எரிந்துபோகும். இறுகிய மோட்டாரும் கூடுதல் மின்சாரம் இழுத்து இதே கேட்டை விளைவிக்கும்.

நான்காவது, காற்று வந்தும் சூடேறாவிட்டால் புளோயரைக் குறைகூறலாகாது. கூலண்ட் குறைவு, தெர்மோஸ்டாட் பழுது, ஹீட்டர் அடைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இனிப்பு வாடையும், கண்ணாடியில் பிசுபிசுப்பான படிவும், காலடி விரிப்பில் ஈரமும் இருந்தால் ஹீட்டரிலிருந்து கூலண்ட் கசிகிறது என்று அறியலாம். என்ஜின் சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

ஃபியூஸ் எரிந்தால் அதில் பொறித்த அதே ஆம்பியர் அளவுள்ளதையே போட வேண்டும். அதுவும் எரிந்தால் காரணம் வேறெங்கோ உள்ளது. பெரிய ஃபியூசோ கம்பியோ மருந்தாகாது. வழியில் புளோயர் நின்றுவிட்டால், சன்னல்களைச் சிறிது திறந்து, கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைக்கலாம். அப்படியும் சாலை தெரியாவிட்டால், சாலையை விட்டு விலகிப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே கடமை. பட்டு ஒரு நாள் தாமதமாக வந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். பழுது ரசீதில் கையொப்பமிடுமுன், எந்தச் சோதனையால் இம்முடிவுக்கு வந்தீர் எனப் பழுது பார்ப்பவரைக் கேளுங்கள். கழற்றிய பழைய உறுப்பைத் திரும்பப் பெற்று, வண்டிப் பதிவேட்டில் குறித்து வையுங்கள். புரட்டாசி முடிவதற்குள் ஒரு நாள் ஒதுக்கி, புளோயரின் எல்லா வேகங்களையும் ஓட்டிப் பாருங்கள். அதற்குக் கால் மணி நேரம் போதும்.