ஐம்பது பைசா எந்தப் பக்கம் விழும்?

சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பார்கள். அன்றைய கூலிக் கணக்கு ரூபாய், அணா, பை. நூறு பைசா கொண்ட ரூபாய் 1957 ஏப்ரல் 1 அன்றுதான் வந்தது. புள்ளிக்குப் பின்னால் வரும் அந்தப் பைசாவை என்ன செய்வது என்பதில் இன்றைய கம்ப்யூட்டருக்குத் தனிக் கருத்து உண்டு.

அந்த மலையிலுள்ள ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் காப்பிப் பழம் பறிக்கக் கிலோவுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 48.5 கிலோ பறித்தால் கூலி 242.50. எக்செல் கட்டத்தில் ‘ரவுண்ட்’ போட்டால் 243 வரும். அதே கோப்பில் மேக்ரோ எழுதி, ‘சிஇன்ட்’ மூலம் முழு எண்ணாக்கினால் 242! பக்கத்து வரிசையில் 48.7 கிலோ பறித்தவரின் 243.50 மட்டும் 244 ஆகிவிடும்.

இது பிழையல்ல, வேண்டுமென்றே செய்தது. சரிபாதியாக நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்கு அனுப்புவது மேக்ரோவின் வழக்கம். 0.5, 1.5, 2.5, 3.5 இவற்றின் கூட்டுத்தொகை 8. எல்லாவற்றையும் மேலே ஏற்றினால் 10 ஆகிறது. இரட்டைப்படை முறையில் 0, 2, 2, 4 என்று அதே 8 கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான வரிசைகளில் பிசகு ஒரு பக்கமாகச் சேராது. அழகான யோசனைதான். ஆனால் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது: 2017-ஆம் ஆண்டு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆவது பிரிவுப்படி, 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிட வேண்டும். வரித் தொகை 242.50 வந்தால் 243தான் கட்ட வேண்டும்.

மேக்ரோவின் இன்னொரு கட்டளையான ‘இன்ட்’ இன்னும் கறார். பின்னத்தை அப்படியே வெட்டிக் கீழே இறக்கும். 4.35 ரூபாயை நூறால் பெருக்கி ‘இன்ட்’ போட்டால் 435 பைசா வராது, 434 வரும். 4.35-ஐ இரும எண்களில் துல்லியமாக எழுத முடியாததால், உள்ளே பெருக்குத்தொகை 435-க்கு மயிரிழை குறைவாக நிற்கிறது. முன்பணப் பிடித்தம் போல மைனஸில் வரும் –12.50 ‘இன்ட்’டில் –13 ஆகும், அதே மேக்ரோவின் ‘ஃபிக்ஸ்’ கட்டளையில் –12 ஆகும். வெட்டியது சேர்ந்தால் என்னாகும் என்பதற்கு வான்கூவர் பங்குச்சந்தை சாட்சி. 1982 ஜனவரியில் 1000-இல் தொடங்கிய அதன் குறியீட்டில், ஒவ்வொரு முறையும் மூன்று தசமத்துக்குப் பின்னால் இருந்ததை வெட்டிக்கொண்டே வந்தார்கள். 1983 நவம்பரில் அது 524-இல் கிடந்தது. திருத்திக் கணக்கிட்டபோது 1098!

இன்னொரு பள்ளம்: ‘சிஇன்ட்’ 32,767-க்கு மேல் தாங்காது. மாத மொத்தம் 35,000 வந்தால் மேக்ரோ நின்றுவிடும். அதற்கு ‘சிலாங்’ வேண்டும். ஆனால் பாதியை உருட்டுவதில் அதுவும் ‘சிஇன்ட்’ மாதிரிதான். ஆகவே கூலிக்கும் வரிக்கும் மேக்ரோ எழுதுகிறவர்கள் பணத்தைக் ‘கரன்சி’ வகையில் வையுங்கள், முழு ரூபாயாக்க எக்செல் தாளின் ‘ரவுண்ட்’டையே மேக்ரோவுக்குள் அழையுங்கள். மேக்ரோவின் சொந்த ‘ரவுண்ட்’டை நம்பாதீர்கள், அதுவும் இரட்டைப்படைக் கட்சிதான்.